பதக்கமில்லாத பாதை

தெற்கு லாவோஸில் மண் சிவப்பு. பாக்சே நகரை விட்டு, பொலோவென் பீடபூமியின் ஓரமாக வடகிழக்கே சலவானை நோக்கி மிதிக்கத் தொடங்கியதும் அந்தச் சிவப்பு முதலில் டயரில் ஏறியது. மதியத்துக்குள் கெண்டைக்காலுக்கு வந்தது. மாலையில் இமை மயிரிலும் படிந்துவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இந்த நிறத்தில் புதுமை ஏதும் இல்லை. அந்த மண்ணில் ஊன்றி நின்ற தூண்கள்தான் என்னை நிறுத்தின.

மரக்கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீடு அது. கீழே கோழிகள், விறகு அடுக்கு, நிழலில் ஒரு நாய். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆள் நீள உலோகக் கூடு ஒன்று கிடைமட்டமாக இருந்தது. அதில் மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்த்திருந்தார்கள். அடுத்த வீட்டில் அதே மாதிரிக் கூடுகளை நட்டு, நெற்களஞ்சியத்துக்குக் கால்களாக ஆக்கியிருந்தார்கள். எல்லாம் விமானத்திலிருந்து விழுந்த கொத்துக்குண்டுகளின் உறைகள். அரை நூற்றாண்டு மழையில் நனைந்தும் அவை துருப்பிடித்து உதிரவில்லை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து "சபாய் தீ" என்று வணக்கம் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன். பிறகு அந்தத் தொட்டியிலிருந்தே ஒரு பிடி தாளைப் பறித்துக்கொண்டு சமைக்கப் போனார்.

பெங்களூரில் விமானம் ஏறி பாங்காக், அங்கிருந்து இரவு ரயிலில் உபோன் ராட்சதானி, எல்லை தாண்டி மேக்கோங் பாலத்தின் வழியே பாக்சே என்று, அட்டைப்பெட்டியில் மடக்கிவைத்த சைக்கிளோடு நான் இங்கே வந்தது ஒரு பெண்ணின் வழியைப் பார்க்க. அவர் பெயர் ரெபேக்கா ரஷ்.

1968இல் பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அமெரிக்கர். பள்ளியில் நெடுந்தூர ஓட்டக்காரி. பிறகு பாறை ஏறினார். காட்டாறுகளில் படகு செலுத்தினார். பல நாள் நீளும் சாகசப் போட்டிகளில் அணியோடு ஓடினார், நடந்தார், துடுப்புப் போட்டார். அந்தப் போட்டிகளில் அவருடைய பலவீனமான பகுதி சைக்கிள்தான். சாகசப் போட்டிகளுக்குப் பணம் போட்டவர்கள் விலகிக்கொண்டபோது, பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெறும் முப்பத்தெட்டு வயதில், அந்தப் பலவீனத்தையே தன் தொழிலாக எடுத்தார். 2007, 2008, 2009 மூன்று ஆண்டும் 24 மணி நேரத் தனிநபர் மலைச் சைக்கிள் உலகப் பட்டம் அவருக்கே கிடைத்தது.

அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ஒரு சுற்றுப்பாதை இருக்கும். வேர், பாறை, சேறு, செங்குத்தான ஏற்றம், அதைவிடச் செங்குத்தான இறக்கம் எல்லாம் அதில் உண்டு. நண்பகலில் கிளம்பினால் மறுநாள் நண்பகல் வரை அதையே சுற்ற வேண்டும். துணைக்கு மாற்று ஆள் கிடையாது. உடம்பில் தசையும் கல்லீரலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து சில மணி நேர மிதிப்புக்குத்தான் வரும். அதன்பிறகு வாயில் போட்டுக்கொண்டே இருந்தால்தான் கால் சுழலும். ஆனால் குலுங்கும் வயிறு சாப்பாட்டை ஏற்க மறுக்கும். நள்ளிரவுக்குப் பின் ஹெல்மெட் விளக்கின் வட்டம் மட்டுமே உலகம். விடியலுக்கு முந்திய நேரத்தில்தான் பெரும்பாலோர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூடாரத்துக்குள் போகிறார்கள். வேகமானவர்கள் அங்கே தோற்பார்கள். தன் உடம்பு எதற்கு எவ்வளவு கேட்கிறது என்று கேட்டு, அதற்குச் சரியாகக் கொடுத்து, நிற்காமல் போகிறவர்தான் வெல்வார்.

அடுத்து லெட்வில். அமெரிக்காவின் கொலராடோவில், கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர். 1982இல் அங்கே பெரிய மாலிப்டினம் சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. வேலையிழந்தவர்களில் ஒருவரான கென் க்ளோபர், வெளியூர்க்காரர்கள் வந்து ஓர் இரவாவது தங்கினால் ஊர் பிழைக்கும் என்று நினைத்து, 1983இல் 100 மைல் ஓட்டப்பந்தயம் தொடங்கினார். 1994இல் அதே 100 மைலுக்குச் சைக்கிள் பந்தயமும் வந்தது. 160 கிலோமீட்டர், நடுவில் ஏறும் மலை 3,800 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. 12 மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு வெள்ளி பெல்ட் கொக்கி தருகிறார்கள். ரஷ் அங்கே 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு முறை பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கை ஒட்டி இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் வத்தல்மலை வளைவுகளில் கியரை இறக்கிக்கொண்டே ஏறிப் பழகியபோது இந்த விவரங்கள் எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தன. நாற்பதை நெருங்கும் கால்களுக்கும் இன்னும் காலம் இருக்கிறது என்ற நம்பிக்கை தந்தன. ஆனால் என்னை லாவோஸ் வரை இழுத்து வந்தவை அவருடைய பட்டங்கள் அல்ல. பட்டங்களுக்குப் பிறகு அவர் செய்த ஒரு பயணம்.

ரஷ்ஷின் தந்தை ஸ்டீபன் ரஷ் அமெரிக்க விமானப் படை அதிகாரி. எஃப்-4 ஃபாண்டம் போர் விமானத்தின் பின் இருக்கையில் அமர்ந்து ஆயுதங்களைக் கையாள்பவர். 1972 மார்ச் 7 அன்று, இந்தச் சலவான் மலைகளின் மேல் அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் முகமே நினைவில் இல்லாமல் வளர்ந்த அந்தப் பெண், 2015இல் ஹோ சி மின் தடத்தை சைக்கிளில் கடந்து அவர் விழுந்த இடத்தைத் தேடி வந்தார். ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். வடக்கு வியட்நாமில் புறப்பட்டு, லாவோஸ், கம்போடியா வழியாக, ஹோ சி மின் நகரத்தில் முடிந்த பயணம். கூடவே மிதித்தவர் ஹுயென் நுயென், வியட்நாமின் முன்னாள் தேசிய மலைச் சைக்கிள் வீராங்கனை. ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. ஒருவர் நாடு மற்றவர் நாட்டின் மேல் குண்டு போட்டிருந்தது. இருவரும் ஒரே பாதையில் ஒரே தூசியைச் சுவாசித்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பயணம் 'ப்ளட் ரோட்' என்ற ஆவணப்படமாக 2017இல் வந்தது. அதைப் பார்த்த பிறகு வரைபடத்தில் சலவானைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

தடம் என்று ஒருமையில் சொல்கிறோம். உண்மையில் அது பாதைகளின் கூட்டம். 1959இல் வட வியட்நாம் படையின் ஒரு பிரிவு, தெற்கே ஆட்களையும் தளவாடங்களையும் கொண்டுபோக, ட்ரூங் சோன் மலைத்தொடரை ஒட்டி வழி திறந்தது. ஆரம்பத்தில் அது மலைவாசிகள் நடந்த ஒற்றையடிப் பாதைகள்தான். பிறகு லாரித் தடங்கள், ஆற்றுத் துறைகள், தண்ணீருக்கடியில் கல் அடுக்கி மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி அமைத்த தாம்போதிகள், எரிபொருள் குழாய்கள். ஒன்றைக் குண்டு போட்டு உடைத்தால் இன்னொன்று. பெரும்பகுதி லாவோஸ் மண்ணில் ஓடியது.

அந்தப் பாதையின் தொடக்க காலத்தில் சைக்கிளுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அந்தச் சைக்கிள்களை யாரும் ஏறி மிதிக்கவில்லை, தள்ளினார்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரில் ஒரு நீள மூங்கிலைக் குறுக்கே கட்டி நீட்டி, இருக்கைத் தண்டில் இன்னொரு மூங்கிலைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு கையால் திருப்பி மறு கையால் உந்தினார்கள். இந்த முறை அதற்கு முந்தைய போரிலேயே தேறியது. 1954இல் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டபோது சுமார் 20,000 சைக்கிள்கள் அரிசி சுமந்தன. சாதாரண சுமை 200 கிலோ. ஒருவர் 350 கிலோவுக்கு மேல் தள்ளிச் சாதனை படைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் புளி உலுக்கும் மாசி, பங்குனி மாதங்களில், பெரிய கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிளில் மூட்டை மேல் மூட்டை அடுக்கி, பெடலைத் தொடாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குத் தள்ளிப் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தேன். கரி மூட்டை, விறகு, பலாப்பழம், குடிதண்ணீர்க் குடங்கள் எல்லாம் அப்படித்தான் மேடேறின. ஏற்றத்தில் அவர்கள் வேகம் மாறாது. மூச்சு வாங்க நிற்கும்போது கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள்; பேச மாட்டார்கள். தாக்குப்பிடிப்பது என்றால் என்னவென்று நான் முதலில் கற்றுக்கொண்டது எந்தப் பந்தய வீரரிடமும் அல்ல, அவர்களிடம்தான். அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தள்ளிய தூரத்துக்கு யாரும் கொக்கி தரவில்லை.

சலவானைத் தாண்டி தா ஓய் பக்கம் போகும் வழியில் மலை நெருங்கியது. நான் போனது மலைவாசிகள் காட்டை எரித்து விதைப்புக்குத் தயார்ப்படுத்தும் பருவம். சரிவுகளில் புகை. சூரியன் மங்கலான செம்பழமாகத் தொங்கியது. தார் முடிந்து செம்மண் தொடங்கிய இடத்தில், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் தன் பழைய மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார், நான் பின்னால் மிதித்தேன். கிளம்பும் முன் அவர் ஒரே ஒரு விதி சொன்னார். "சக்கரம் பட்ட இடத்தில் மட்டும் சக்கரம். ஒதுங்க வேண்டுமென்றாலும் பாதையிலேயே ஒதுங்குங்கள்." சைகையோடும் உடைந்த ஆங்கிலத்தோடும் அவர் சொன்னது இதுதான்.

அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மனதைக் கலக்குவது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்தச் சிறிய நாட்டின் மேல் 5,80,000 முறை விமானம் பறக்கவிட்டு 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. ஒன்பது ஆண்டுகள், இரவும் பகலும், சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. அவற்றில் 27 கோடி சிறு கொத்துக்குண்டுகள். மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் மண்ணுக்குள் போயின. எட்டுக் கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஊர்க்காரர்கள் அவற்றை 'பொம்பி' என்கிறார்கள். கைக்குள் அடங்கும் உருண்டை. பிள்ளைகள் கண்ணுக்கு அது பந்து. போர் முடிந்த பிறகு மட்டும் 20,000க்கு மேற்பட்டோர் இவற்றால் இறந்திருக்கிறார்கள் அல்லது ஊனமுற்றிருக்கிறார்கள். உழுகிற கலப்பை, களை வெட்டுகிற மண்வெட்டி, குளிர் காய மூட்டுகிற நெருப்பு எதுவும் போதும்.

வழியில் ஒரு வயலில் குண்டு அகற்றும் குழுவைப் பார்த்தேன். பாதி பேருக்கு மேல் பெண்கள். வயலைக் கயிறு கட்டிக் குறுகலான பட்டைகளாகப் பிரித்து, உலோகம் காணும் கருவியைத் தரைக்கு மேல் மெதுவாக வீசிக்கொண்டு ஒவ்வோர் அடியாக நகர்ந்தார்கள். கருவி ஒலித்த இடத்தில் ஒரு பெண் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து சிறு கரண்டியால் மண்ணை விலக்கத் தொடங்கினார். ஆணியாக இருக்கலாம், டப்பா மூடியாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் பொம்பி என்றே எண்ணித் தோண்ட வேண்டும். கிடைத்ததை எடுத்துப் போவதில்லை. ஊர்க்காரர்களை விலக்கிவிட்டு இருந்த இடத்திலேயே வெடிக்கச் செய்வார்கள். நான் தூரத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 24 மணி நேரப் பந்தயத்தின் விடியற்காலை எனக்கு நினைவு வந்தது. அதே நிதானம். அதே அவசரமின்மை. ஆனால் இவர் நாளைக்கும் வருவார், அடுத்த ஆண்டும் வருவார்.

தா ஓய் மக்களின் ஒரு கிராமத்தில் இரவு தங்கினோம். பெண்கள் தரையில் அமர்ந்து, தறியின் மறுமுனையைப் பாதங்களால் உந்திப் பிடித்துக்கொண்டு நெய்தார்கள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு வந்தது. கையால் பிய்த்து, உருட்டி, மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடும் வழக்கம். சோற்றைக் கையால் பிசைந்து வளர்ந்தவன் என்று தெரிந்ததும் வீட்டுக்கார மூதாட்டி சிரித்துவிட்டு இன்னும் ஒரு பிடி வைத்தார்.

இந்த மலைகளில் ஏதோ ஓர் ஊரில்தான், ரஷ் தன் தேடலின் முடிவுக்கு வந்தார். விமானம் விழுந்த இடத்தில் கிடந்த இரண்டு வெளிநாட்டவரின் உடல்களையும் ஊர்க்காரர் ஒருவர் மரத்தடியில் புதைத்திருந்தார். அவருடைய மகன்தான் ரஷ்ஷை அங்கே அழைத்துப் போனார். தங்கள் காட்டின் மேல் குண்டு போட்ட விமானத்தில் வந்தவர்கள் என்று தெரிந்தும், இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை அந்த மனிதர் செய்தார். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து மகள் வந்து நின்றபோது, அந்த ஊர்க்காரரின் குடும்பம் வழி காட்டியது. இந்த உலகத்தில் நான் கேட்ட பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று.

அந்த மரம் இருக்கும் இடத்தை நான் விசாரிக்கவில்லை. அது இரண்டு குடும்பங்களுக்குச் சொந்தமான இடம். அங்கே போகும் பாதையை அறிந்துகொண்டால் போதும் என்று வந்தேன், அறிந்துகொண்டேன்.

அறிந்தது இது. காலை எழுந்து அந்த மலைப்பாதையில் தனியாகக் கொஞ்ச தூரம் ஏறினேன். சக்கரம் புதையும் தூள்மண், உருளும் கல், சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடக்க வேண்டிய ஓடை. வெயில் ஏறுவதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. லெட்வில் ஏற்றத்திலும், விடிய விடியச் சுற்றிய காடுகளிலும் ரஷ் சேர்த்த வலு முழுவதும் இல்லாமல் இந்த வழியை நாள்கணக்கில் கடந்திருக்க முடியாது. அத்தனை ஆண்டுப் பயிற்சி, அத்தனை பட்டம், எல்லாம் சேர்ந்து அவரை முதல் இடமோ கடைசி இடமோ இல்லாத ஒரு பாதையில் கொண்டுவந்து விட்டன. விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது உச்சம், சரிவு, ஓய்வு என்று வரிசைப்படுத்துகிறோம். ரஷ்ஷின் வாழ்க்கை அந்த வரிசையில் அடங்கவில்லை. பந்தயங்கள் அவருக்குக் கருவி செய்து கொடுத்தன. அந்தக் கருவிக்கு உரிய வேலை இங்கே காத்திருந்தது.

வேலை இங்கேயே முடிந்துவிடவும் இல்லை. ரஷ்ஷின் அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதங்களை 'நல்லபடி இரு' என்று முடிப்பார். அந்தச் சொல்லையே பெயராக வைத்து மகள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குண்டு உலோகத்தை உருக்கி லாவோஸ் கைவினைஞர்கள் செய்யும் வளைகளை விற்று, 1994 முதல் இங்கே குண்டு அகற்றிவரும் மேக் அமைப்புக்குப் பணம் சேர்த்தார். மிதிப்பதையும் விடவில்லை. 2019இல், ஐம்பது வயதில், அலாஸ்காவின் உறைபனிக் காட்டில் 350 மைல் குளிர்காலப் பந்தயத்தைப் பெண்களில் முதலாவதாக முடித்தார். அதே ஆண்டு மலைச் சைக்கிளுக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

இந்தியாவிலும் இந்த விளையாட்டு வேர் பிடித்திருக்கிறது. 2005 முதல் இமாச்சலத்தில், சிம்லாவை மையமாக வைத்து, பல நாள் மலைச் சைக்கிள் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. வெளிநாட்டு வீரர்களுக்குப் பக்கத்தில் மலைக்கிராமப் பிள்ளைகள் வரிசையில் நின்று கிளம்பினார்கள். மலையில் பிறந்தவனுக்கு மலை ஏறுவது வேலை மட்டுமல்ல, திறமையும்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு என்ன குறை? வத்தல்மலை இருக்கிறது, சித்தேரி இருக்கிறது, ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சரிவுகள் இருக்கின்றன. பென்னாகரம் வட்டத்தில் கோட்டூர் மலை இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரங்களைக் கழுதைகள் மேல் ஏற்றிப் போகும் படத்தோடு செய்தித்தாளில் வந்த ஊர் அது. அதன் அடிவாரத்தில் ஒருமுறை ஒரு பெரியவர் என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "பாதை போட்டா பஸ்ஸே வருமே தம்பி, சைக்கிளு எதுக்கு?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. சலவானிலிருந்து திரும்பியபின் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. பஸ் வரும் பாதையும் வேண்டும், ஐயா. அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் பேரன் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறங்கும் காலில் இருக்கிற வலு, உலகம் பட்டம் கொடுத்துக் கொண்டாடுகிற வலு. அதை இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

லெட்வில்லில் சுரங்கம் மூடியபோது ஒரு தொழிலாளி ஊருக்குப் பந்தயம் தேடினார். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்களைப் பார்க்கும்போது, நாமும் ஒன்றைத் தேடலாம் என்று தோன்றுகிறது. மலையூர்க்காரர்கள் வரையும் சுற்றுப்பாதை, அவர்கள் வீட்டிலேயே தங்கல், சாமைச் சோறும் களியும், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தப் பாதையைச் செப்பனிட. வெளியூரிலிருந்து விலையுயர்ந்த சைக்கிளோடு வருகிறவர்கள் வரட்டும். அவர்கள் பக்கத்தில் இரவல் சைக்கிளோடு ஒரு சித்தேரிப் பெண் நிற்கட்டும். அவள் எத்தனையாவதாக வருகிறாள் என்பது முதல் சில ஆண்டுகளுக்கு முக்கியமல்ல. அந்தக் கால்கள் பின்னால் அவளை எங்கே கொண்டுபோகும், அங்கே போய் அவள் என்ன செய்வாள் என்பதை அன்றைக்கே யாராலும் சொல்லிவிட முடியாது. வலுவைச் சேர்க்க அவளுக்கு ஓர் இடம் கொடுப்பது மட்டும் நம் பொறுப்பு.